ஏழு கோடு, ஐம்பத்திரண்டு ஞாயிறு

என் அருமை மகனுக்கு,

இந்தக் காகிதத்தைப் பிரித்ததும் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை கிறுக்கி அனுப்பியிருக்கிறது என்று மடித்து வைத்துவிடாதே. கிறுக்கியது நான்தான். வரியெல்லாம் மேலே தொடங்கிக் கீழே சரிகிறது, எனக்கே தெரிகிறது. நேராகத்தான் ஆரம்பிக்கிறேன். பாதி வரியில் என் கைக்குத் தான் தறிக்காரன் கை என்பது ஞாபகம் வந்துவிடுகிறது. ‘லை’ எழுதும்போது முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று போட வேண்டும். சில இடத்தில் மறந்துவிட்டு, பிறகு இடுக்கில் நுழைத்திருக்கிறேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க விட்டுப்போனதால் கடைசியில் மொத்தமாக வைத்துக்கொண்டு வந்தேன். வேண்டாத எழுத்தின் தலையிலும் சில விழுந்திருக்கும். பொறுத்துக்கொண்டு படி. இந்த அளவு எழுதவே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. ஆனாலும் நான் சொல்லி இன்னொருவர் எழுதிய கடிதம் இல்லை இது. அறுபத்தொரு வயதில் என் மகனுக்கு நானே எழுதுகிறேன். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். இத்தனை வருஷமும் உன் கடிதம் நாலு வரியைத் தாண்டியதில்லை. நலம், நலமறிய ஆவல், அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும், இப்படிக்கு. பக்கத்து வீட்டுக்காரர் அதை ஒரே மூச்சில் படித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளைக்கு நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் என்று போன மாதம் அவர் உனக்கு எழுதியதும் இரண்டு பக்கம் வந்தது. அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அந்த இரண்டு பக்கத்தை நான் மூன்று நாள் படித்தேன். பட்டாளத்தை விட்டு வெளியே வருகிறாய். அந்த மர்சேய் துறைமுகத்தில் கிடங்குக் காவல் வேலை காத்திருக்கிறது. அது வேண்டாம் என்றால், பட்டாளத்தில் இருந்தவர்களைக் கணக்கு வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள், இரண்டு வருஷப் படிப்பு. பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள். ‘இந்த வயதில் பெஞ்சியில் போய் உட்கார வெட்கமாக இருக்கிறது நைனா, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன செய்யட்டும்?’ என்று கேட்டிருக்கிறாய். நீ என்னிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. பதில் சொல்லுமுன் நான் எரித்த ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உழவர்கரை வீட்டின் பின்புறச் சுவர் உனக்கு நினைவிருக்கும். வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு போடுவேன். ஆலையில் எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். எந்தச் சங்குக்குப் போக வேண்டும் என்பது தப்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் திங்கட்கிழமை ஒரு கோட்டில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை ஏழாவது கோடு. ஏழு விழுந்தால் ஷிப்டு மாறுகிறது என்று அர்த்தம். என் படிப்பு அவ்வளவுதான். உனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் அந்தச் சுவரைப் பார்த்து, இரண்டு கையையும் அகல விரித்து, “அன் மிலியோன் சான் ஓன்ஸ் மில் சான் ஓன்ஸ்!” என்று கத்தினாய்.

“என்னாடா உளர்ற?” என்றேன்.

“நைனா, சுவத்துல பதினோரு லட்சத்துக்கு மேல எழுதி வச்சிருக்க!”

“போடா, அது ஒரு வாரம்டா,” என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரத்தை நீ விடவில்லை.

அடுத்த சில மாதம் நீ ஒரு நோட்டும் கையுமாக இருந்தாய். ஒரு நாள் காலை, வேலை முடிந்து வந்தவன், அடுப்புக்குப் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போயிருந்த அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். எனக்கு எழுத்து தெரியாது, எண்ணும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருந்ததைப் படிக்கத் தெரிந்தது. ஏழு கோடு. அது என்னுடைய கோடு. பக்கத்துக்குப் பக்கம் ஏழு கோடு, அதன் கீழே ஏதேதோ கிறுக்கல். அந்த நோட்டில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான், அதையும் தப்பாகப் புரிந்துகொண்டேன். எழுத்து தெரியாத அப்பன் சுவரில் கோடு போடுகிறான் என்று பள்ளிக்கூடத்தில் காட்டிச் சிரிக்கத்தான் எழுதி வைத்திருக்கிறாய் என்று தலைக்கு ஏறிவிட்டது.

“என் கோட்டப் போட்டு என்னையே கேலி பண்றியாடா?” என்று நோட்டை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நீ ஓடி வந்தாய். “கேலி இல்ல நைனா! அது நம்பரு! தொண்ணூத்தியேழு வரைக்கும் பாத்துட்டேன் நைனா, உடையவே இல்ல!” என்று அழுதாய். என்ன உடையவில்லை என்று நான் கேட்கவில்லை. உன் அம்மா மட்டும், “ஏன்யா, புள்ள என்னமோ சொல்றானே, கேளுய்யா” என்றாள். அந்தக் காலையில் நான் குளித்த வெந்நீர் உன் நோட்டில் காய்ந்த வெந்நீர். அதன்பிறகு நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய், வந்தாய், கேட்டதற்குப் பதில் சொன்னாய். ஆனால் கணக்குப் பற்றி வாய் திறக்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் பேர் கொடுத்துக் கப்பல் ஏறினாய். கரையிலிருந்து உன்னைப் படகில் ஏற்றும்போது நீ அம்மாவைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிச் சில வருஷம் கழித்து, நான் ஆலையிலிருந்து நின்ற சமயம், முதலியார்பேட்டையில் வாசகசாலை மாடியில் ஞாயிறு காலையில் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினார்கள். என் பக்கத்துத் தறி மாணிக்கம்தான் இழுத்துக்கொண்டு போனான். பத்துக் கிழவர்கள். சொல்லிக் கொடுக்க கனகா டீச்சர் என்று உன்னைவிடச் சின்னப் பெண். எழுத்து எல்லாம் ஓரளவு வந்தபிறகு எண்ணுக்கு வந்தோம். “முதல்ல ஒண்ணு எழுதுங்க” என்றாள்.

“ஒண்ணு போட எனக்குத் தெரியும் டீச்சர், அம்பது வருஷமா போடறேன்” என்று சொல்லிப் பலகையில் வரிசையாக ஏழு போட்டுக் காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “என்னங்க அய்யா, எடுத்த எடுப்புல பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணுக்குப் போயிட்டீங்க!”

எனக்குக் கையிலிருந்த பலப்பம் விழுந்துவிட்டது. உன் குரல்தான் கேட்டது. நீ சொன்னது உளறல் இல்லை. ஏழு கோட்டைச் சேர்த்துப் படித்தால் அப்படித்தான் வரும். வாரத்துக்கும் அதே உருவம், அந்தப் பெரிய எண்ணுக்கும் அதே உருவம்.

பிறகு கூட்டல், கழித்தல், பெருக்கல். வகுத்தல் வந்தபோது டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாள். பெரிய எண், அதைச் சிறிய எண் ஒன்றால் வகுத்து, படிப்படியாக எண்கள் கீழே இறங்கின. அந்தப் படிக்கட்டை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது தெரிந்துவிட்டது. உன் நோட்டில் பார்த்த கிறுக்கல் அதுதான். உங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வகுக்கிற எண்ணை வலது பக்கம் வைப்பார்களாம், டீச்சர் இடது பக்கம் வைத்தாள், அதனால்தான் உடனே அடையாளம் தெரியவில்லை. என் ஏழு கோட்டை எடுத்துக்கொண்டு, எந்த எண்ணால் மிச்சமில்லாமல் வகுபடும் என்று பக்கத்துக்கு ஓர் எண்ணாக நீ தேடிக்கொண்டே போயிருக்கிறாய். ‘உடையவே இல்லை’ என்று நீ அழுதது அதைத்தான். பதினைந்து வருஷம் கழித்து எனக்கு விளங்கியது. அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். நீ தொண்ணூற்றேழு வரை பார்த்துவிட்டாய், நான் நூற்றொன்றில் தொடங்கியிருக்கலாம். ஆனால் நான் எரித்ததை நான்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? இரண்டிலிருந்து தொடங்கினேன். ஞாயிற்றுக்கு ஒரு பக்கம். வகுப்பேன், பிறகு பெருக்கிச் சரிபார்ப்பேன். என் வேகத்துக்கு ஒரு பக்கம் ஒரு காலைக்குச் சரியாக இருக்கும். எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டாம் என்பதும் எனக்கே புரிந்தது. மூன்று மடிப்பாக மடிய மாட்டேன் என்கிற துணி ஒன்பது மடிப்பாகவும் மடியாது. அதனால் தானும் ஒன்றும் தவிர வேறு எதிலும் அடங்காத எண்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். “இதுக்குப் பகா எண்ணுன்னு பேரு அய்யா, நான் இன்னும் சொல்லிக் குடுக்கவே இல்லையே!” என்று டீச்சர் ஆச்சரியப்பட்டாள். தறியில் ஐம்பது வருஷம் நின்றவனுக்கு மடிப்புத் தெரியாதா?

இரண்டால் வகுத்தேன், ஒன்று மிச்சம். மூன்றால், ஒன்று மிச்சம். ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் ஒன்றே மிச்சம். ஆறு ஞாயிறும் கடைசியில் அந்த ஒற்றைக் கோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாணிக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “உன் நம்பரு உன்ன மாதிரியே இருக்குதுடா. எல்லாருக்கும் பங்கு பிரிச்சிட்டு ஒண்ண மட்டும் மடியில முடிஞ்சி வச்சிக்கிது” என்றான். ஏழாவது ஞாயிறு பதினேழால் வகுத்தபோது எட்டு மிச்சம் வந்தது. அதற்கே ஏதோ ஜெயித்ததுபோல அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இருபத்தைந்தாவது ஞாயிறு உன் கடைசிப் பக்கம். தொண்ணூற்றேழு. காலை முழுக்கப் போட்டேன், முப்பத்தாறு மிச்சம் வந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, “அய்யா, எதால வகுத்தீங்க?” என்றாள்.

“தொண்ணூத்தியேழு.”

“இங்க தொள்ளாயிரத்தி ஏழுன்னுல்ல இருக்கு?”

பார்த்தேன். 907 என்று எழுதியிருந்தேன். அதுவரை தொண்ணூறுகளில் ஒரு பகா எண்ணும் வரவில்லை, இதுதான் முதல். “நூத்தியேழு எழுதற மாதிரிதான டீச்சர் எழுதினேன்? தொண்ணூறுன்னா அதுக்குள்ள நூறு கெடக்குதே!” என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, யோசித்தாள். “நீங்க கேக்கறது நியாயம்தான். தொண்ணூறுல நூறு இல்ல, தொள்ளாயிரத்துல ஆயிரமும் இல்ல. நம்ம தமிழ் அங்க மட்டும் ஒரு படி மேல ஏறி நின்னு பேசுது” என்றாள். உங்கள் பிரெஞ்சில் தொண்ணூற்றேழுக்கு நாலு இருபது, பத்து, ஏழு என்று சொல்வார்களாமே? ஆக, அந்த எண்ணை எந்த ஊர்க்காரனும் நேராகச் சொல்லவில்லை. நான் மட்டும் என்ன செய்வேன்? மத்தியானம் வெறும் 97 என்று எழுதித் திரும்பப் போட்டேன். எழுபத்து மூன்று மிச்சம். நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். நீ நின்ற இடத்தில் நானும் வந்து நின்றேன். நீ நின்ற இடம் என்று எழுதிவிட்டேன். நான் உன்னை நிறுத்திய இடம்.

அதற்கு அப்புறம் போனதெல்லாம் எனக்கும் தெரியாத காடு. நூற்றொன்று, நூற்றுமூன்று, நூற்றேழு. மழையில் இரண்டு ஞாயிறு வாசகசாலை ஒழுகியது, குடையைப் பிடித்துக்கொண்டு போட்டேன். உன் அம்மா, “வாரத்த உடைக்கப் போறாராம் வாரத்த, வெறக உடைச்சாலும் அடுப்பெரியும்” என்பாள். ஐம்பத்தொன்றாவது ஞாயிறு இருநூற்று முப்பத்து மூன்று. மிச்சம் வந்தது. ஐம்பத்திரண்டாவது ஞாயிறு, நோட்டு தொடங்கி ஒரு முழு வருஷம், இருநூற்று முப்பத்தொன்பது.

இதை நிதானமாகச் சொல்கிறேன், நீயும் ஒரு காகிதத்தில் கூடவே போடு. முதல் நாலு கோட்டை எடுத்துக்கொண்டேன், திங்கள் முதல் வியாழன் வரை, 1111. அதில் 239 நாலு தடவை போகிறது, மிச்சம் 155. வெள்ளிக்கிழமைக் கோட்டை இறக்கினேன், 1551. ஆறு தடவை, மிச்சம் 117. சனிக்கிழமைக் கோட்டை இறக்கினேன், 1171. நாலு தடவை, மிச்சம் 215. ஞாயிற்றுக்கிழமைக் கோடு ஒன்றுதான் பாக்கி. இறக்கினேன், 2151. ஒன்பது தடவை போட்டுப் பார்த்தேன். 2151. அதே எண். கழித்தேன். ஒன்றுமில்லை. மிச்சம் ஒன்றுமே இல்லை.

நான் கத்தவில்லை. முன்னால் ஏமாந்த அனுபவம் இருக்கிறதே! எல்லாரும் எழுந்து என்னைச் சுற்றி நின்றார்கள். 4649 என்பதை எடுத்து 239 ஆல் பெருக்கினேன். மூன்று வரிசை வந்தது, 929800, 139470, 41841. கூட்ட ஆரம்பித்தேன். வலது ஓரத்தில் ஒன்று. அடுத்து பதினொன்று, ஒன்றைப் போட்டு ஒன்றை மேலே ஏற்றினேன். அடுத்து இருபத்தொன்று, ஒன்றைப் போட்டேன். அடுத்தும் இருபத்தொன்று. அடுத்து பதினொன்று. அதற்கும் அடுத்து பதினொன்று. ஒவ்வொரு வரிசையும் என்ன கூட்டினாலும் கடைசியில் ஒரு கோட்டை இறக்கிவிட்டுப் போயிற்று. மாணிக்கம் வாய்விட்டு எண்ணினான், “அஞ்சு... ஆறு... ஏழு! டேய், ஏழுடா!” என்று என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்துக் கிழவர்களும் போட்ட சத்தத்தில் கீழே சைக்கிள் கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன், இந்த வயதில். உன் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். “அப்போ என் புள்ள உடையலன்னு சொன்னது தப்பா?”

“தப்பில்லடி. அவன் பாத்த வரைக்கும் உடையல. மேல பாக்க வுடாம நிறுத்தினது நானு.”

“அத எழுது,” என்றாள். “அத மொதல்ல எழுது.” அதனால்தான் எழுதினேன்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த ஞாயிறு டீச்சர், “இந்த நாலாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தொம்பது இருக்கே, அது உடையுமா அய்யா? மறுபடி ரெண்டுலேருந்து ஆரம்பிக்கலாமா?” என்றாள். “இன்னொரு வருசமா? அதுக்குள்ள இவன் போய்ச் சேந்துடுவான்” என்றான் மாணிக்கம். நான் பேனாவை எடுத்தேன், 4649 என்று எழுதினேன், அதோடு நிறுத்தினேன். ஒரு துணி ஏழு மடிப்பாகச் சரியாக மடியும் என்றால், அதே அளவில் 239 துணியைச் சேர்த்துத் தைத்தாலும் ஏழு மடிப்பாக மடியும். அப்படியென்றால் முழு எண் ஏழில் மடிந்திருக்க வேண்டும். மடியவில்லை. முழுசை உடைக்காத எந்த எண்ணும் இந்தத் துண்டையும் உடைக்காது. சரி, எந்த எண் வரை பார்த்திருந்தால் போதும்? இந்தத் துண்டு இரண்டாக உடைந்தால் ஒன்றாவது நூறுக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே நூறைத் தாண்டினால் பெருக்கும்போது பத்தாயிரத்தைத் தாண்டிவிடுமே. ஆக, நூறுக்குள் இருக்கிற பகா எண்களைப் பார்த்திருந்தால் போதும். அதில் கடைசி எது?

தொண்ணூற்றேழு.

மகனே, அந்தப் பக்கங்கள் உன்னுடையவை. பன்னிரண்டு வயதில் நீ போட்ட இருபத்தைந்து பக்கமும் சேர்ந்துதான் 4649 உடையாது என்று சொல்கிறது. நான் அடுப்பில் போட்ட அன்றைக்கே அந்த வேலையை நீ முடித்துவிட்டிருந்தாய், இருவருக்குமே தெரியவில்லை. நான் 239 ஐத் தேடிக் கொடுத்தேன், அவ்வளவுதான். “அய்யா, இத நானே யோசிக்கல” என்று டீச்சர் சொன்னபோது, “நானும் யோசிக்கல டீச்சர், என் பையன் யோசிச்சிட்டான்” என்றேன். இதையெல்லாம் நீ பெரியவனான பிறகு எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருக்கலாம். இருக்கட்டும், இன்னொரு தடவை என் வாயால் கேட்டதாக வைத்துக்கொள்.

நோட்டைத் தனியாகக் கட்டி அனுப்புகிறேன். ஐம்பத்திரண்டு பக்கம். முதல் இருபத்தைந்து பக்கத்தின் ஓரத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன், மீதியில் என் பெயர். வகுப்பில் முதல் நாள் உட்காரும்போது அதைக் கூட வைத்துக்கொள். வெட்கம் என்று எழுதியிருந்தாய். அறுபது வயதில் தொண்ணூறை எழுதத் தெரியாமல் பத்துக் கிழவர்கள் முன்னால் நின்றவன் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது. கிடங்கைக் காக்க அந்த ஊரில் வேறு ஆள் கிடைக்கும். போய்ப் பெஞ்சியில் உட்கார். மாதக் கடைசி வரை காத்திருக்காதே, இந்தக் கடிதத்தை மடித்த கையோடு போய்ப் பேர் கொடு.

ஆலையை விட்டு நின்ற பிறகும் சுவரில் கோடு போடுவதை நான் விடவில்லை. இன்று திங்கட்கிழமை, முதல் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் இதை முடிக்கிறேன். ஏழாவது கோடு விழும் அன்று வகுப்பிலிருந்து வந்ததும் மறுபடி எழுதுகிறேன், வரி கொஞ்சம் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல். அது உன் கைக்கு வருவதற்குள் நீ பேர் கொடுத்திருக்க வேண்டும். கீழே பெருவிரல் மசி இல்லை, கவனித்தாயா?

உன் நைனா